சாயம் போன மாப்பிள்ளை

பெண் வீட்டில் பொய் சொன்ன மாப்பிள்ளைகள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். வயதைக் குறைத்திருப்பார்கள், உத்தியோகத்தைக் கூட்டியிருப்பார்கள். கத்தரிக்காய் விஷயத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.

உலக யுத்தம் முடிந்திருந்த சமயம் அது. அரிசிக்கும் துணிக்கும் சர்க்கார் போட்டிருந்த அளவுக் கட்டுப்பாடான கன்ட்ரோல் மட்டும் முடியவில்லை. எனக்கு இருபத்தைந்து வயது. சொந்த ஊர் வேப்பந்தட்டை. பெரம்பலூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. அப்பா இல்லாததால் எனக்காக எல்லா இடத்திலும் பேசியவர் அம்மாவின் தம்பி வையாபுரி மாமா. (எனக்கும் ஒரு வாய் இருந்தது. அதைச் சாப்பிட மட்டும் வைத்திருந்தேன். பிறகு அந்த வேலையும் அதற்கு இல்லாமல் போயிற்று.)

அந்த வருஷப் பனிக்காலத்தில் என் இரண்டு முழங்கையிலும் வட்டம் வட்டமாகச் சிவந்து தடித்தது. மேலே வெள்ளி நிறத்தில் செதில். சொறிந்தால் உதிரும், உதிர்ந்த இடத்தில் மறுபடி முளைக்கும். முழங்கையில் ஆரம்பித்தது முழங்காலுக்கு இறங்கி, அங்கிருந்து ஒரே தாவலில் தலைக்கு ஏறியது. நான் குனிந்து எழுதிய ரிஜிஸ்டரில் உப்புத் தூவிய மாதிரி செதில் கிடக்கும். எங்கள் தலைமைக் குமாஸ்தா என் மேஜைக்கு வந்தால் முதலில் ரிஜிஸ்டரை எடுத்து ஜன்னலுக்கு வெளியே உதறுவார், பிறகுதான் பிரிப்பார்.

அம்மா சிறுவாச்சூர் காளிக்கு வேண்டிக்கொண்டார். மாமா என்னை மலையடிவாரத்து வைத்தியர் ஒருவரிடம் அழைத்துப் போனார். வைத்தியர் நல்ல மனிதர். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "காளாஞ்சகப்படை" என்று பெயர் சொன்னார். வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்து எடுத்த தைலம் ஒரு பாட்டில் கொடுத்தார். பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்தால் அசல் ஊதா மை. உணவில் கருவாடு, கோழி, கத்தரிக்காய், புளி நான்கையும் படை அடங்குகிற வரை தள்ளி வைக்கச் சொன்னார். நான்கே நான்கு.

மீதியெல்லாம் என் சொந்த முயற்சி. ஆபீஸ் பியூன், "வேர்க்கடலை சூடு சார்" என்றார். விட்டேன். டீக்கடைக்காரர் உளுந்து ஆகாது என்றார். அதையும் விட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒருவர் என் முழங்கையைப் பார்த்துவிட்டு, "தம்பி, பால நிறுத்துங்க, எல்லாம் சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிப் போய்விட்டார். அவர் யார், என்ன தொழில், ஒன்றும் தெரியாது. நிறுத்தினேன். வெங்காயத்தை யாரும் குறை சொல்லவில்லை. அதை உரிக்கும்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்து விட்டுவிட்டேன். கடைசியில் உலகத்தில் நான் சாப்பிடக்கூடியதாக மிஞ்சியவை பாசிப்பயறுக் கஞ்சி, பீர்க்கங்காய், மணத்தக்காளிக் கீரை. மூன்றே மாதத்தில் சட்டை ஆணியில் மாட்டியது போல் என் மேல் தொங்கியது. படை மட்டும் நல்ல ஊட்டத்தோடு செழித்திருந்தது.

இந்த நிலையில் ஓர் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் பாவாடை தாவணி கட்டிய ஒரு பெண் கூட்டு வாளியோடு வந்தாள். வேண்டாம் என்று இலைமேல் கையை விரித்தேன். பொரியலோடு வந்தாள். விரித்தேன். சாம்பாரோடு வந்தபோதும் விரித்தேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "பின்ன எதுக்குங்க பந்தியில உக்காந்தீங்க?" என்றாள்.

அவ்வளவுதான். அந்தக் கேள்வியில் விழுந்தவன் நான் எழுந்திருக்கவே இல்லை. விசாரித்ததில் பெயர் மரகதம், ஊர் அரியலூர் என்று தெரிந்தது. மாமா அந்த வாரமே கிளம்பிப் போய்ப் பேசினார். ஜாதகம் பொருந்தியது. பெண்ணின் அப்பா கோதண்டம் வந்து என் வேலையை விசாரித்துவிட்டுப் போனார். பாக்கி இருந்தது கை நனைக்கிறது ஒன்றுதான்.

எங்கள் பக்கத்தில் இது பெரிய விஷயம். சம்பந்தம் முடிவாகிற வரை பெண் வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்மதம். இலையில் உட்கார்ந்த பிறகு சாப்பிடாமல் எழுந்தால், பெண் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதாக அர்த்தம்.

"மாமா, நோயப் பத்தி அவங்க கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"சொல்லல. கல்யாணம் ஆவட்டும், மெதுவாச் சொல்லிக்கலாம்."

"பத்தியம் இருக்கே மாமா. இலையில போட்டத என்ன பண்றது?"

"ஒரு நாளு தின்னா செத்தா போயிடுவ? இல்லேன்னா நான் ஏதாவது சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்காத."

வாயைத் திறக்காமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டேன். அதற்குள் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

புறப்படுகிற காலையில் அம்மாவுக்கு ஒரு கவலை. புது வெள்ளைச் சட்டைத் தோளில் தலைச் செதில் கொட்டினால் என்ன ஆவது? தைலம் தடவினால் செதில் படியும் என்று பாட்டிலில் இருந்த அத்தனையையும் என் தலையில் கவிழ்த்துவிட்டார். கறுப்பு முடியில் ஊதா தெரியவில்லை. படிய வாரினேன். முழங்கையை மறைக்க முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான். கன்ட்ரோல் துணியில் தைத்த, என்னிடம் இருந்த ஒரே நல்ல சட்டை. கண்ணாடியில் பார்த்தபோது மாப்பிள்ளையாகத்தான் இருந்தேன்.

அப்போது பெட்ரோல் தட்டுப்பாட்டினால் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடிக்கொண்டிருந்தது. வண்டியின் பின்புறம் ஒரு பெரிய உலை. அதில் கரியைப் போட்டு, சக்கரம் சுற்றிக் காற்றடித்துப் பற்றவைப்பார்கள். மாமா முண்டியடித்து ஏறிப் பிடித்த இடம் கடைசி சீட்டு. அதாவது உலைக்கு முதுகு காட்டி. சித்திரை வெயில் மேலே, உலை பின்னால், தலையில் ஒரு பாட்டில் எண்ணெய். அரியலூரில் இறங்கும்போது நான் பாதி வெந்திருந்தேன்.

கோதண்டம் வாசலுக்கே வந்து வரவேற்றார். உயரமான, மீசை நரைத்த மனிதர். பேச்சில் அப்படியொரு மரியாதை. "வாங்க மாப்பிள்ளை, வாங்க. வெயில்ல வாடிப் போயிட்டீங்களே." உள்ளே கூடத்தில் இலை போட்டிருந்தார்கள். அரிசி கிடைக்காத அந்தக் காலத்தில் எங்கிருந்து சேர்த்தார்களோ, மல்லிகைப் பூ மாதிரி சோறு. அதைச் சுற்றி, என் ஜாதகத்தோடு என் பத்தியத்தையும் யாரோ வாங்கிப் பார்த்து அப்படியே எதிர்த்துச் சமைத்த மாதிரி, கோழிக் குழம்பு, கருவாட்டு வறுவல், எண்ணெய்க் கத்தரிக்காய், புளி ஊற்றிய மொச்சைக் குழம்பு.

பரிமாறியவர் கோதண்டத்தின் அக்கா. அந்த வீட்டில் எல்லாரும் அவரை அத்தை என்றே கூப்பிட்டார்கள். கண் கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. கோழிக் குழம்பைக் கொண்டுவந்தார்.

"வேண்டாங்க" என்றேன். "இன்னிக்கு விரதம்."

"விரதமா? புதன்கிழமை என்னங்க விரதம்?"

மாமா குறுக்கே பாய்ந்தார். "விரதம்னா அது வந்து, அவனுக்குப் பல்லு வலி. அதத்தான் அப்படிச் சொல்றான்."

அத்தை கோழியை மாமாவுக்கே ஊற்றிவிட்டுக் கத்தரிக்காயோடு திரும்பி வந்தார். "இது பூ மாதிரி வெந்திருக்கு. பல்லே வேணாம்."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று மாமா சொன்னது நினைவுக்கு வந்திருக்கலாம். வரவில்லை. காசிக்குப் போகிறவர்கள் இனி சாப்பிடுவதில்லை என்று அங்கே ஒரு காயை விட்டுவிட்டு வருவார்களே, அது நினைவுக்கு வந்தது.

"கத்தரிக்காய நான் காசியில விட்டுட்டேங்க" என்றேன்.

கோதண்டத்தின் முகம் மலர்ந்தது. "அட! காசிக்குப் போயிட்டு வந்தீங்களா? இந்த வயசுலயா! நான் போன வருஷந்தான் போனேன். எந்தப் படித்துறையில குளிச்சீங்க?"

நான் அதுவரை தாண்டியிருந்த பெரிய ஆறு கொள்ளிடம். "அந்த… தண்ணி நெறைய இருக்குமே, அந்தப் படித்துறைங்க."

"கங்கையில எல்லாப் படித்துறையிலும் தண்ணி நெறையத்தான் இருக்கும்" என்றார் கோதண்டம். முகத்தில் மலர்ந்தது மெல்ல மூடிக்கொண்டது.

கருவாட்டுக்கு என்ன சொன்னேன், மொச்சைக்கு என்ன சொன்னேன் என்று இப்போது சரியாக நினைவில்லை. மொச்சை எங்கள் குலதெய்வத்துக்கு ஆகாது என்று சொன்னதாக மாமா பின்னால் சாதித்தார். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடியவன்தான். கடைசியில் என் இலையில் வெறும் சோறு மலைபோல் வெள்ளையாக இருந்தது. அதையும் நான் பிசையவில்லை. எதைப் போட்டுப் பிசைவது?

அத்தை கரண்டியை வாளியில் வைத்தார்.

"தம்பி, சுத்தி வளைக்க வேண்டாம். பொண்ணு புடிக்கலேன்னா புடிக்கலேன்னு சொல்லிட்டுப் போங்க. சோத்த ஏன் குத்தம் சொல்றீங்க?"

"ஐயோ, இல்லீங்க" என்று நிமிர்ந்தேன். அப்போதுதான் என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. சோற்றின் உச்சியில், நட்ட நடுவில், ஊதாவாக. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். இரண்டாவது சொட்டும் விழுந்தது. மூன்றாவது காது வழியாக இறங்கிக் காலருக்குள் போயிற்று. குனிந்து பார்த்தால் சட்டையின் மார்புப் பக்கம் ஏற்கெனவே ஊதா வரி வரியாக ஓடியிருந்தது.

அத்தை வாயில் கை வைத்துக்கொண்டு கத்தினார்: "அடியாத்தீ! மாப்பிள்ளைக்குச் சாயம் போவுது!"

துடைக்கக் கையைத் தூக்கினேன். அவசரத்தில் பொத்தான் தெறித்து, சட்டைக் கை முழங்கைக்கு மேலே ஏறியது. கோதண்டம் என் கையைப் பிடித்தார். சிவப்பு வட்டங்களையும் செதிலையும் பார்த்தார். பிடித்த கையை மெதுவாக விட்டார். அந்த விடுதல் இருக்கிறதே, அதை நான் நகைச்சுவையாக எழுத முடியாது. இத்தனை வருஷம் கழித்தும் முடியாது.

"இது… பெருவியாதிங்களா?" என்று கேட்டார். குஷ்டம் என்ற வார்த்தையை வாயால் சொல்லக் கூட அந்தக் காலத்தில் பயம்.

"சேச்சே, வேர்க்குருங்க" என்றார் மாமா.

"இல்லீங்க" என்றேன் நான். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. "காளாஞ்சகப்படைன்னு வைத்தியர் சொன்னாரு. பத்தியத்துல இருக்கேன். அதனாலதான் சாப்பிடல. பொண்ணு புடிக்காம இல்லீங்க. ரொம்பப் புடிச்சிருக்கு."

உள்ளறையிலிருந்து ஒரு குரல் தெளிவாக வந்தது. "டாக்டர் வூடு மூணாவது தெருவுலதானப்பா இருக்கு? கூட்டிட்டுப் போயிக் காமிங்க. அவரு சொல்லட்டும்."

மரகதத்தின் குரல். வாளியைக் கீழே வைத்துக் கேள்வி கேட்ட அதே குரல்.

ஆக, கோதண்டம் முன்னால், ஊதா முகத்தோடு நான் நடுவில், மாமா பின்னால், கரண்டியோடு அத்தை கடைசியில் (அதை வைத்துவிட்டு வர மறந்துவிட்டார்) கடைத்தெரு வழியாக ஊர்வலமாகப் போனோம். சித்திரை மாசத்தில் என்ன மஞ்சுவிரட்டு என்று ஒருவர் கேட்டார். நாங்கள் நடையை எட்டிப் போட்டோம்.

டாக்டர் அந்தக் கால வைத்தியப் படிப்பான எல்.எம்.பி. படித்தவர். குட்டையானவர், மூக்குக் கண்ணாடி. நாங்கள் போனபோது சாப்பிட உட்காரப் போனவர் திரும்பி வந்தார். என்னை பெஞ்சில் உட்கார வைத்து, தலை முழுக்கப் பார்த்து, முழங்கைச் செதிலை லேசாகச் சுரண்டிப் பார்த்தார். கோதண்டத்தின் பயம் என்னவென்று அவருக்குச் சொல்லாமலே புரிந்தது.

"பெருவியாதின்னா அந்த எடம் மரத்துப் போயிருக்கும். குத்தினாத் தெரியாது. நீ கண்ண மூடிக்க. வலிச்சாச் சொல்லு" என்று ஒரு ஊசியை எடுத்தார்.

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு முடிவுக்கு வந்தேன். காலையிலிருந்து போன மானத்தில் கொஞ்சமாவது மீட்க வேண்டும். வருங்கால மாமனார் எதிரில் ஊசிக்கு முகம் சுளிக்கக் கூடாது.

குத்தினார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"வலிச்சுதா?"

"இல்லீங்க" என்றேன் கம்பீரமாக.

கோதண்டம் சுவரில் சாய்வது கேட்டது. அத்தையின் கையிலிருந்து கரண்டி கீழே விழுந்தது. டாக்டருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. அடுத்த ஊசி கிட்டத்தட்ட எலும்பைத் தொட்டது.

"ஐயோ! அம்மா! செத்தேன்!"

நான் எழுந்த வேகத்தில் பெஞ்சு கவிழ்ந்தது. பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த மாமாவும் அதோடு கவிழ்ந்தார். கோதண்டம் வாசலுக்கு ஓடி, தெருவைப் பார்த்து, "வலிக்குது! வலிக்குதாம்! நல்லாவே வலிக்குது!" என்று சந்தோஷமாகக் கத்தினார். ஒரு மனிதனுடைய வலியைக் கேட்டு இன்னொரு மனிதர் அவ்வளவு ஆனந்தப்பட்டதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

டாக்டர் பெஞ்சை நிமிர்த்திவிட்டு விளக்கமாகச் சொன்னார். "இதுக்குப் பேரு சோரியாசிஸ். தோலு எல்லாருக்கும் உரிஞ்சு புதுசா வளரும். மெதுவா நடக்கும், நமக்குத் தெரியாது. இவருக்கு அது அவசரப்படுது. அதான் செதில் செதிலா அடுக்குது. யாருக்கும் ஒட்டாது. கூடும், கொறையும். முழுசாப் போக்கிடறேன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க." பிறகு என் விலா எலும்பைப் பார்த்துவிட்டு, "என்னய்யா சாப்பிடற?" என்றார்.

சொன்னேன். விட்ட பொருள்களின் பட்டியலை ஒப்பித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நோவு தோல்ல இருக்கு. வயித்த ஏன் தண்டிக்கிற? பத்தியம் தப்பு இல்ல. சில பேருக்குச் சிலது ஒத்துக்காது. ஆனா ஊருல இருக்கிறவன் சொன்னதெல்லாம் விட்டா நீயே இருக்க மாட்ட. வாரத்துக்கு ஒண்ணா சேத்துப் பாரு. எது சாப்பிட்டாக் கூடுதோ அத மட்டும் தள்ளு. கள்ளு சாராயம் தொடாத. தைலம் தடவறது நல்லதுதான், தோல காய விடாத. ஆனா அளவாத் தடவுய்யா, சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரி தடவாத."

வெளியே வந்ததும் அத்தை மாமாவிடம் கேட்டார், "டாக்டர் என்னமோ பேரு சொன்னாரே, என்னாது அது?"

கீழே விழுந்ததில் மாமாவுக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கிறது. "சோத்தாசையாம்" என்றார்.

"சோத்தாசையா? அப்ப வந்து திங்க வேண்டியதுதானே!" என்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். நோயின் பெயர் என்னவானாலும், கையைப் பிடித்தாரே, அது எனக்குப் போதும்.

புது இலை போட்டார்கள். வாரத்துக்கு ஒன்று என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அந்த வாரத்துக்கு எண்ணெய்க் கத்தரிக்காயைத் தேர்ந்தெடுத்தேன். நாலு மாதத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட முதல் எண்ணெய்ப் பசை. கண்ணில் தண்ணீர் வந்தது.

கோதண்டம் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார், "மாப்பிள்ளை, கத்தரிக்காய காசியில விட்டீங்களே?"

"நான் காசிக்குப் போனதே இல்லீங்க."

"தெரியுங்க" என்றார். "இன்னும் ரெண்டு போடச் சொல்லட்டுமா?"

வைகாசியில் கல்யாணம். மரகதம் முதல் வாரத்திலேயே என் முழங்கையைக் கையில் எடுத்துப் பார்த்து, "அன்னைக்குப் பந்தியில கைய விரிச்சீங்களே, அப்பவே பாத்தேன்" என்றாள். தெரிந்தேதான் சம்மதித்திருக்கிறாள்.

அவள் அடுப்படிச் சுவரில் கரியால் கோடு போட்டு ஒரு கணக்கே வைத்தாள். இந்த வாரம் மொச்சை, அடுத்த வாரம் உளுந்து. கூடினால் ஒரு புள்ளி, குறைந்தால் ஒரு வட்டம். ஒரு வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது இதுதான்: கருவாடு எனக்கு நிஜமாகவே ஆகவில்லை. கத்தரிக்காய் நிரபராதி. பாலும் வெங்காயமும் நிரபராதிகள். மார்கழிப் பனியும், தாலுகா ஆபீசின் வருஷக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்தியும், தூக்கம் கெடுவதும் எந்தக் குழம்பையும் விட மோசம். படை முழுசாகப் போகவில்லை. வரும், போகும். நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. யார் சாப்பிட உட்கார்ந்தாலும், சோறு போடுவதற்கு முன்னால் மரகதம் கேட்பாள்: "உங்களுக்கு எது ஒத்துக்காது? இப்பவே சொல்லிடுங்க."

எங்கள் மகளுக்காக மாப்பிள்ளை வீட்டார் கை நனைக்க வந்தபோதும் அப்படித்தான். மாப்பிள்ளைப் பையன் ஒல்லியாக, தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் அவன் பெரியப்பா. வந்ததிலிருந்து பையனின் படிப்பு, பழக்கம், பொறுமை எல்லாவற்றையும் அவரே பேசிக்கொண்டிருந்தார். பையன் வாயைத் திறக்க இடமே இல்லை. இலை போட்டதும் மரகதம் வழக்கம் போல் கேட்டாள், "தம்பி, உங்களுக்கு எது ஒத்துக்காது?"

பையன் இலையைப் பார்த்தான். பெரியப்பாவைப் பார்த்தான். பிறகு தணிந்த குரலில், "பெரியப்பா பேசறது ஒத்துக்காதுங்க. மத்ததெல்லாம் சாப்பிடுவேன்" என்றான்.

மரகதம் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "இந்தப் பையனையே முடிச்சிடுங்க" என்றாள்.

முடித்தோம். இப்போதும் அந்தப் பெரியப்பா பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையில் தலை காட்டினால் போதும், என் பேரப்பிள்ளைகள் உள்ளே ஓடிவந்து என் மருமகனிடம் சொல்கிறார்கள்: "அப்பா, உங்களுக்கு ஒத்துக்காதது வருது!"